சீறித் தணியும் காந்த விண்மீன்கள்

முன்னுரை

விண்மீன்கள் நிலையானவை, மாறாதவை என்பது மக்கள் உள்ளத்தில் நெடுங்காலமாக ஊறிவிட்ட எண்ணம். நாள், கோள், திதி ஆகியவற்றைக் கணித்த நம் முன்னோரும் பின்னணியில் மின்னும் விண்மீன்களை அசையாத அளவுகோலாகவே கொண்டனர். ஆனால் எக்ஸ் கதிர்களைக் காணவல்ல கருவிகள் விண்வெளிக்குச் சென்றபின் வேறொரு வானம் நமக்குப் புலப்பட்டது. அவ்வானத்தில் ஒரு விண்மீன் சில மணி நேரத்திற்குள் நூறு மடங்கு ஒளி பெறுகிறது. பின்னர் மாதக் கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக் கணக்கில், மெல்ல மெல்ல மங்கிப் பழைய நிலையை அடைகிறது. அம்மங்கலின்போது அதன் சுழற்சியும் தடுமாறுகிறது. இத்தகைய விண்மீன்களை 'மேக்னெட்டார்' என்பர். தமிழில் காந்த விண்மீன் எனலாம்.

எக்ஸ் கதிர்ச் சீற்றத்திற்குப்பின் இவற்றின் ஒளியும் சுழற்சியும் எவ்வாறு மாறுகின்றன, அம்மாற்றங்களிலிருந்து நாம் அறிவது யாது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒளி சீராகத் தணிகிறது; சுழற்சியோ அவ்வாறு சீராக மாறுவதில்லை. ஒரே நிகழ்ச்சியின் விளைவுகளாகிய இவ்விரண்டும் ஒன்றாக நடைபோட மறுப்பதே இத்துறையின் புதிர். அப்புதிருக்கு விடை காணும் வழியும் அதுவே.

காந்த விண்மீன் யாது?

சூரியனைக் காட்டிலும் பல மடங்கு நிறையுள்ள விண்மீன் தன் எரிபொருள் தீர்ந்தபின் வெடித்துச் சிதறும்போது, நடுப்பகுதி இறுகி நியூட்ரான் விண்மீனாகிறது. அதன் நிறை சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. குறுக்களவோ 20 முதல் 25 கிலோமீட்டர் மட்டுமே. நம் பேரூரில் ஒரு முனையை வைத்தால் மறுமுனை சூலூரோடு நின்றுவிடும். இத்துணைச் சிறிய உருண்டைக்குள் ஒரு சூரியனும் அதற்கு மேலும் அடைபட்டிருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் வெளிப்புறத்தில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தடிப்புள்ள கெட்டியான மேலோடு உண்டு.

நியூட்ரான் விண்மீன்களுள் பெரும்பாலானவை 'பல்சார்' எனப்படும் துடிவிண்மீன்களாக அறியப்படுகின்றன. அவை தம் சுழற்சி ஆற்றலைச் செலவிட்டு வாழ்கின்றன. காந்த விண்மீன்களின் வரவு செலவுக் கணக்கு வேறு. அவை வெளியிடும் எக்ஸ் கதிர் ஆற்றல், சுழற்சி குறைவதால் கிடைக்கக்கூடிய ஆற்றலைவிடப் பன்மடங்கு மிகுதி. எனவே அவற்றிற்கு வேறொரு கருவூலம் இருத்தல் வேண்டும். அக்கருவூலம் காந்தப்புலமே என்று 1992ஆம் ஆண்டு ராபர்ட் டங்கன், கிறிஸ்டோபர் தாம்சன் என்னும் அறிஞர் இருவர் கருத்துரைத்தனர். 1998இல் கிறிஸ்ஸா கூவெலியோட்டூவும் அவர் குழுவினரும் எஸ்.ஜி.ஆர். 1806-20 என்ற விண்மீனின் சுழற்சி எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதை அளந்து அக்கருத்துக்கு வலுவூட்டினர்.

சுழற்சியிலிருந்து காந்தத்தை அறிதல்

சுழற்சியை அளந்தால் காந்தம் எவ்வாறு தெரியும் என்று கேட்கலாம். சுழலும் காந்தம் மின்காந்த அலைகளை வெளிவிட்டு ஆற்றலை இழக்கிறது. ஆகவே அதன் வேகம் குறைகிறது. காந்தம் வலிதாயின் தடையும் வலிது. சுழற்சிக் காலத்தையும், அக்காலம் நொடிக்கு நொடி நீளும் அளவையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, அதனை 3.2 × 10¹⁹ ஆல் பெருக்கினால் விண்மீனின் மேற்பரப்புக் காந்தப்புலம் காஸ் அலகில் கிடைக்கும்.

இக்கட்டுரையின் நாயகமாக நான் கொள்ளும் விண்மீன் எக்ஸ்.டி.ஈ. ஜே 1810-197 என்பது. அதன் சுழற்சிக் காலம் 5.54 நொடி. அக்காலம் ஒவ்வொரு நொடிக்கும் ஏறத்தாழ 10⁻¹¹ நொடி நீள்கிறது. இரண்டையும் பெருக்கினால் 5.54 × 10⁻¹¹. அதன் வர்க்கமூலம் 7.4 × 10⁻⁶. விடை 2.4 × 10¹⁴ காஸ். நம் ஆய்வுக்கூடத்தில் டேன்ஜென்ட் கால்வனாமீட்டர் கொண்டு புவிக்காந்தத்தின் கிடைக்கூறை அளந்த மாணவர்க்கு அதன் மதிப்பு ஏறத்தாழ 0.4 காஸ் என்பது நினைவிருக்கும். இவ்விண்மீனின் காந்தம் அதனைப்போல் 600 இலட்சம் கோடி மடங்கு.

நொடிக்கு 10⁻¹¹ நொடி என்ற நுண்ணிய மாற்றத்தை எந்தக் கடிகாரம் அளக்கும்? இங்கே உதவுவது கருவியின் நுட்பம் மட்டுமன்று. விடாது எண்ணும் பொறுமையும் வேண்டும். ஓராண்டில் இவ்விண்மீன் ஏறத்தாழ 57 இலட்சம் முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் நேரும் சிறு தாமதம் அடுத்த சுற்றின் தாமதத்தோடு சேர்ந்துகொண்டே போகும். ஆண்டு முடிவில், வேகம் மாறாமல் இருந்திருந்தால் வந்திருக்க வேண்டிய இடத்திற்கு அது 162 சுற்றுகள் பின்தங்கி நிற்கும். நேரத்தில் சொன்னால் ஏறத்தாழ 15 நிமிடம். வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல் சிறு பிழை பெருகிக் கண்ணுக்குத் தெரியும் அளவாகிறது. ஆனால் இடையில் நீண்ட நாள் பார்க்காமல் விட்டுவிட்டால் எத்தனை சுற்றுக் கழிந்தது என்ற எண்ணிக்கையே தவறிவிடும். இதனை மனத்திற் கொள்க; பின்னர் இது பயன்படும்.

ஒரு விண்மீனின் வரலாறு

2003ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்காவின் ஆர்.எக்ஸ்.டி.ஈ. என்ற எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள், மேற்சொன்ன எஸ்.ஜி.ஆர். 1806-20ஐப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்வைக்குள் அழையாத விருந்தாளிபோல் மற்றொரு துடிப்பும் தென்பட்டது. அதுவே எக்ஸ்.டி.ஈ. ஜே 1810-197. பழைய பதிவுகளைப் புரட்டியபோது, அது 1990களில் ஏறத்தாழ நூறு மடங்கு மங்கலாக இருந்ததும், 2003இன் தொடக்கத்தை ஒட்டியே சீறியிருந்ததும் தெரியவந்தன. அதன்பின் எக்ஸ் கதிர் ஒளி ஏறத்தாழ அடுக்குக்குறி முறையில், அதாவது சூடான பாத்திரம் ஆறுவதுபோல் முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும், சில ஆண்டுகள் தொடர்ந்து தணிந்தது.

2006இல் ஒரு வியப்பு நிகழ்ந்தது. ஃபெர்னாண்டோ கமீலோவும் அவர் குழுவினரும் இவ்விண்மீனிலிருந்து வலிய ரேடியோத் துடிப்புகளைக் கண்டனர். காந்த விண்மீன் ஒன்று ரேடியோ அலையில் துடிப்பதை அறிந்தது அதுவே முதன்முறை. ரேடியோத் துடிப்பு கிடைத்தமையால் சுழற்சியை அடிக்கடி அளக்க முடிந்தது. 2006 மே முதல் ஒன்பது மாதங்களில் அதன் மீது செயற்படும் தடைவிசை 60 விழுக்காடு குறைந்தது. அதுவும் சீராகக் குறையவில்லை. 2008இன் இறுதியில் ரேடியோத் துடிப்பு முற்றிலும் நின்றது. பத்தாண்டுகள் அமைதி.

2018 டிசம்பர் 8ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள ஜோட்ரெல் பேங்க் ஆய்வகத்தில் அத்துடிப்பு மீண்டும் கேட்டது. எக்ஸ் கதிரிலும் அது மறுபடி சீறியிருந்தது. இம்முறை அறிஞர் ஆயத்தமாக இருந்தனர். நாள்தோறும் அளந்ததில், முதல் இரண்டு மாதத்திற்குள்ளேயே சுழற்சி குறையும் வீதம் இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது தெரிந்தது. எக்ஸ் கதிர் ஒளி கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது தடைவிசை மேலே ஏறியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

2024இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் நுட்பமானது. இச்சீற்றத்திற்குப்பின் விண்மீனின் சுழலச்சே தள்ளாடியதையும், அத்தள்ளாட்டம் சில மாதங்களுக்குள் அடங்கியதையும் ரேடியோ அலைகளின் தளவிளைவைக் கொண்டு கண்டறிந்தனர். பம்பரம் தலையாட்டுவதை நாம் அறிவோம். அது புவியீர்ப்பால் நிகழ்வது. இங்கு வெளிவிசை ஏதும் இழுக்கவில்லை. சீற்றத்தில் விண்மீனின் வடிவம் இம்மியளவு கோணியதால் அது தானாகவே தள்ளாடுகிறது. அத்தள்ளாட்டம் விரைவில் அடங்குவதால், அண்டவெளியிலிருந்து குறித்த காலமுறைப்படி மீண்டும் மீண்டும் வரும் சில ரேடியோ வெடிப்புகளுக்குக் காந்த விண்மீனின் தள்ளாட்டமே காரணம் என்று கருதியவர்கள் தம் கருத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டியதாயிற்று.

வார்ப்படமா? நூலா?

சீற்றத்திற்குப்பின் ஒளி ஏன் தணிகிறது? இரண்டு விளக்கங்கள் கூறப்படுகின்றன. நம் கொங்கு நாட்டின் இரண்டு தொழில்களைக் கொண்டே அவற்றை விளக்கலாம் என்பது என் எண்ணம்.

முதல் விளக்கம் வார்ப்படச் சாலையைச் சார்ந்தது. பம்பு செட்டுக்கான உறுப்பை வார்த்து அச்சிலிருந்து எடுத்தால், மேற்பரப்பு விரைவில் கறுத்துவிடும். உள்ளே உள்ள வெப்பம் மெல்லக் கசிந்து நெடுநேரம் வெளிவரும். காந்த விண்மீனின் மேலோட்டுக்குள் காந்த இறுக்கம் அளவு கடக்கும்போது ஓடு நொறுங்குகிறது அல்லது நழுவுகிறது. அப்போது உள்ளே பிறக்கும் வெப்பம் மெல்ல மேலே வருகிறது. சீற்றமும் தணிவும் இவ்வெப்பத்தின் வரலாறே என்பர் ஒரு சாரார்.

இரண்டாம் விளக்கம் நூற்பாலையைச் சார்ந்தது. கதிரில் ஏறும் நூலுக்கு முறுக்கு ஏறுவதுபோல், ஓடு நழுவும்போது அதில் ஊன்றி நிற்கும் காந்தக் கோடுகளும் முறுக்கேறுகின்றன. முறுக்கேறிய காந்தக் கோடுகளின் வழியே மின்னோட்டம் பாய வேண்டும். அம்மின்னூட்டத் துகள்கள் கோடுகளின் அடிவாரத்தில் மோதி அவ்விடத்தைச் சூடாக்குகின்றன. நாளடைவில் முறுக்குத் தளர, மின்னோட்டம் குறைகிறது, சூடான இடம் சுருங்குகிறது, ஒளி மங்குகிறது. ஆந்திரே பெலோபொரோடோவ் 2009இல் இக்கருத்தை விரித்துரைத்தபோது எக்ஸ்.டி.ஈ. ஜே 1810-197இன் முதற்சீற்றத்தையே சான்றாகக் காட்டினார். அதன் சூடான பகுதி உண்மையிலேயே நாளுக்கு நாள் சுருங்கிவந்தது.

ஒளியை மட்டும் பார்த்தால் இரண்டு விளக்கங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரியான தணிவையே தரும். தீர்ப்புக் கூறல் அரிது. இங்கேதான் சுழற்சி சாட்சியாக வந்து நிற்கிறது. வார்ப்படம் ஆறுவதால் சக்கரத்தின் தடை கூடுவதற்கு நேரடிக் காரணமில்லை. முறுக்கேறிய காந்தப்புலமோ வெளிப்புறமாக உப்புகிறது. தொலைவில் அதன் வலிமை கூடுகிறது. சுழற்சியைத் தடுப்பது அத்தொலைவுப் புலமே ஆகலின் தடைவிசை உயர்கிறது. முறுக்குப் பரவுவதற்குக் காலம் பிடிக்குமாதலின் இவ்வுயர்வு சீற்றத்திற்குப்பின் தாமதித்தும் வரலாம். ஒளி இறங்கும்போது தடை ஏறிய விந்தைக்கு இதுவே பொருத்தமான விளக்கமாகப் படுகிறது. இதனால் வார்ப்பட விளக்கம் தள்ளப்பட்டதாகாது. ஒரே விண்மீனில் இரண்டும் நிகழலாம். எதன் பங்கு எவ்வளவு என்பதே இன்று ஆராயப்படுவது.

பிற விண்மீன்களின் சான்று

1ஈ 1048.1-5937 என்ற விண்மீன் பல முறை சீறியுள்ளது. ஒவ்வொரு முறையும் சில மாதங்கள் கழித்துத் தடைவிசை பன்மடங்கு உயர்ந்து, ஏறி இறங்கி, பின்னர் அடங்குகிறது. முன்னர்ச் சொன்ன தாமதத்திற்கு இது சிறந்த சான்று.

1ஈ 2259+586 மற்றொரு பாடம் புகட்டுகிறது. 2002 ஜூன் 18 அன்று அது சில மணி நேரத்திற்குள் எண்பதுக்கும் மேற்பட்ட சிறு வெடிப்புகளைக் காட்டியது; அதே வேளையில் அதன் சுழற்சி வேகம் பத்து இலட்சத்தில் நான்கு பங்கு திடீரெனக் கூடியது. விண்மீனின் உள்ளே உராய்வின்றி ஓடும் மீப்பாய்மம் தன் வேகத்தின் ஒரு பகுதியை ஓட்டுக்குக் கைமாற்றியதால் இது நிகழ்ந்தது என்பர். அதே விண்மீன் 2012 ஏப்ரலில் திடீரென வேகம் குறைந்தது. ஒரே வண்டி ஒரு முறை முன்னே தாவியும் மறுமுறை பின்னே இழுத்தும் சென்றதுபோன்ற இந்நிகழ்ச்சி அறிஞரை இன்றும் சிந்திக்க வைக்கிறது.

எஸ்.ஜி.ஆர். 1806-20இன் பெருஞ்சீற்றம் தமிழர் மறக்கவியலாத நாட்களை ஒட்டி நிகழ்ந்தது. 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை நம் கரைகளைச் சூறையாடிற்று. ஏறத்தாழ 44 மணி நேரம் கழித்து, 28ஆம் நாள் விடியற்காலை இந்திய நேரம் 3 மணிக்கு இவ்விண்மீனின் காமாக் கதிர்கள் புவியை அடைந்து, பசிபிக் கடற்பகுதியின் பகல் வானில் அயனி மண்டலத்தையே கலக்கின. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசியவர்களும் உண்டு. ஒளியினும் விரைந்து வரும் செய்தி எதுவும் இல்லையாதலின், பின்னர் வந்த கதிர் முன்னர் நடந்த நிலநடுக்கத்திற்குக் காரணமாக முடியாது. அறிவியல் மாணவர் இதனை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மேலும் இத்துணைப் பெரிய வெடிப்பிலும் சுழற்சியில் பெரிய தாவல் காணப்படவில்லை. 1998இல் சீறிய எஸ்.ஜி.ஆர். 1900+14இன் சுழற்சிக் காலமோ அச்சீற்றத்தை ஒட்டித் திடீரென நீண்டது. வெடிப்பின் பருமனுக்கும் சுழற்சி மாற்றத்தின் பருமனுக்கும் எளிய விகிதம் இல்லை என்பது இதனால் விளங்கும்.

எஸ்.ஜி.ஆர். 1935+2154 இவ்வாராய்ச்சியைப் புதிய திசையில் திருப்பியது. 2020 ஏப்ரல் 28 அன்று எக்ஸ் கதிர் வெடிப்போடு மிக வலிய ரேடியோ வெடிப்பு ஒன்றும் இதிலிருந்து வந்தது. 2022 அக்டோபரில் ஏறத்தாழ ஒன்பது மணி நேர இடைவெளியில் இதன் சுழற்சி இருமுறை திடீரென வேகம் பெற்றது. அவ்விரண்டு தாவல்களுக்கும் இடையில் ஒரு ரேடியோ வெடிப்பு நிகழ்ந்தது. சுழற்சியும் வெடிப்பும் ஒன்றையொன்று தூண்டுகின்றன என்பதற்கு இதனினும் நெருங்கிய சான்று முன்பு கிடைத்ததில்லை.

நம் அண்டையிலுள்ள கருவிகள்

இவையெல்லாம் கடல் கடந்தவர் செய்யும் ஆராய்ச்சி என்று எண்ண வேண்டா. மேட்டுப்பாளையம், குன்னூர் வழியே மலையேறினால் உதகையை அடுத்த முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோத் தொலைநோக்கி உள்ளது. பேராசிரியர் கோவிந்த் சுவரூப் அவர்களின் திட்டத்தால் 1970இல் அது செயற்படத் தொடங்கியது. உதகையின் அகலாங்கு 11 பாகைக்குச் சற்று மேல். அதே சாய்வுள்ள மலைச்சரிவைத் தேர்ந்து தொலைநோக்கியைக் கிடத்தியமையால் அதன் நீள அச்சு புவியின் அச்சுக்கு இணையாயிற்று. ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு விண்மீனை ஒன்பது மணி நேரத்திற்கு மேல் தொடரலாம். மலையின் சாய்வையே கருவியின் உறுப்பாக்கிய இவ்வறிவு போற்றத்தக்கது.

உதகையில் பெற்ற பட்டறிவைக் கொண்டு அப்பேராசிரியரே பின்னர் புனே மாவட்டத்தில் நாராயண்காவை அடுத்த கோடத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள் கொண்ட மாபெரும் ரேடியோத் தொலைநோக்கியை அமைத்தார். 2004ஆம் ஆண்டுப் பெருஞ்சீற்றத்தின் ரேடியோ எச்சத்தை அளந்த கருவிகளுள் அதுவும் ஒன்று. 2018இல் எக்ஸ்.டி.ஈ. ஜே 1810-197 மீண்டும் விழித்தபோது யோகேஷ் மான் குழுவினர் அதனை 550 முதல் 750 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் உற்று நோக்கினர். அதன் குறும்வெடிப்புகளின் அலைவரிசை அமைப்பு, தொலைவான அண்டங்களிலிருந்து வரும் ரேடியோ வெடிப்புகளின் அமைப்பை ஒத்திருப்பதை 2019இல் அறிவித்தனர். உதகைத் தொலைநோக்கியும் கோடத்துத் தொலைநோக்கியும் சேர்ந்து துடிவிண்மீன்களின் திடீர்த் தாவல்களைக் கண்காணித்துள்ளன. எட்டு இளம் துடிவிண்மீன்களின் தாவல்கள் பற்றிய ஆய்வு 2020இல் வெளிவந்தது.

முடிவுரை

எக்ஸ்.டி.ஈ. ஜே 1810-197 நம்மிடமிருந்து ஏறத்தாழ 8,100 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. 2018இல் நாம் கண்ட சீற்றம் உண்மையில் நிகழ்ந்தபோது கொங்கு நாட்டில் இரும்பு உருக்கும் உலையும் இல்லை. நூல் நூற்கும் கதிரும் இல்லை. அத்துணைப் பழைய செய்தியை இன்று படித்து, ஒரு விண்மீனின் ஓடு நழுவியதையும், காந்தம் முறுக்கேறித் தளர்ந்ததையும், அச்சு தள்ளாடி அடங்கியதையும் அறிய முடிகிறது.

இதிலிருந்து இயற்பியல் மாணவர் பெறத்தக்க பாடம் ஒன்றுண்டு. ஒரு பொருளைப் பற்றி ஓர் அளவை மட்டும் எடுத்தால் பல விளக்கங்கள் பொருந்தித் தோன்றும். இரண்டாவது அளவு ஒன்றைத் தனித்து எடுத்து ஒப்பிடும்போதே எந்த விளக்கம் நிற்கும் என்பது தெரியவரும். மேலும், சீற்றம் நடந்த நாளில் அளப்போர் பலர். அது தணியும் மாதங்களில் சோர்வின்றி அளப்போர் சிலர். மேலே கண்ட உண்மைகளுட் பல அச்சிலருடைய உழைப்பால் கிடைத்தவை.

2015இல் இந்தியா ஏவிய ஆஸ்ட்ரோசாட் உள்ளிட்ட பல செயற்கைக்கோள்களின் எக்ஸ் கதிர்ப் பதிவுகள் யாவரும் எடுத்து ஆராயும் வண்ணம் திறந்து வைக்கப்பட்டுள்ளன. ஒரு கணிப்பொறியும், முதுகலை வகுப்பில் கற்கும் ஃபூரியர் பகுப்பாய்வும், விடாது எண்ணும் பொறுமையும் இருந்தால் ஒரு விண்மீனின் சுழற்சியை நாமே கணக்கிடலாம். நம் கல்லூரி மாணவர் சிலரேனும் தம் ஆய்வேட்டுக்கு இப்பொருளை எடுத்துக்கொள்வாராயின் இக்கட்டுரை எழுதியதன் பயன் நிறைவெய்தும்.